வீட்டுக்குப் போக மறுத்தவள்

அருப்புக்கோட்டையில் நூல் கடை வைத்திருந்த கஸ்தூரிக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. தம்பி பாண்டிராஜ் கொடுத்த ஸ்டெம் செல்லை மதுரையில் ஏற்றினார்கள். உடம்பு தேறி, கடைப்பக்கம் போய் வரலாமா என்று அவள் கேட்கத் தொடங்கிய சமயத்தில் தலைவலி வந்தது. அடுத்து இடது கை சொன்னபடி கேட்கவில்லை. ஒரு காலையில் புருஷன் அருஞ்சுனையின் பெயரே வாயில் வரவில்லை.

மறுபடியும் மதுரை. ஸ்கேனில் மூளையில் அங்கங்கே புள்ளிகள் தெரிந்தன. பழைய நோய்தான் மூளைக்கு ஏறிவிட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரிய டாக்டர் அருஞ்சுனையிடம் சொல்லிவிட்டார். அருஞ்சுனை யாரையும் எதிர்த்துப் பேசிப் பழகாதவர். கட்டிலருகே வந்து, விஷயத்தைச் சொல்லி, துணிமணிகளைப் பையில் எடுத்துவைக்க ஆரம்பித்தார்.

கஸ்தூரி பையைப் பிடுங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். நாக்கு தடுமாறியது.

"நான் வாரல. இன்ன நோயின்னு பாத்துச் சொல்லச் சொல்லுங்க. இவுக நெனப்புக்கெல்லாம் நான் சாக முடியாது."

அப்போது வார்டில் இருந்தவர் இளம் டாக்டர் சுவாதி. அவருக்கும் காலையிலிருந்தே சந்தேகம். தோலில் தடிப்பு வந்ததால் கஸ்தூரிக்கு ஒரு தடுப்பு மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். அது இல்லாவிட்டால், உடம்புக்குள் பல வருடமாகத் தூங்கிக்கிடக்கும் ஒட்டுண்ணி எழுந்து மூளைக்குப் போகலாம். ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லையே என்று பெரிய டாக்டர் அந்தச் சந்தேகத்தைத் தள்ளிவிட்டிருந்தார்.

சுவாதி மறுபடி அவர் அறைக்குப் போனார். எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைத்த உடம்பில் அந்தப் பரிசோதனை ஏமாற்றும், முதுகுத்தண்டு நீரை எடுத்து ஒட்டுண்ணியின் மரபணு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். பெரியவர் கோபப்பட்டார். சுவாதி நகரவில்லை.

"ஒன்றும் வராவிட்டால் நீதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன் சார். முடிவு வரும்வரை மருந்தையும் ஆரம்பிக்கிறேன்."

முடிவு வந்தது. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. புற்றுநோய் திரும்பவில்லை. பெரிய டாக்டரே வந்து சொன்னார். தான் அவசரப்பட்டதையும் மறைக்கவில்லை.

கஸ்தூரி அவரை நேராகப் பார்த்தாள். "இனிமே யாரையும் வீட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி அந்த முதுகுத் தண்ணிய எடுத்துப் பாருங்க சார்."

அவர் தலையசைத்தார். அருஞ்சுனை சங்கடத்தில் தரையைப் பார்த்தார்.

மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டாள். புள்ளிகள் சுருங்கின. இப்போதும் பேச்சு சில சமயம் தடுக்கும். யாராவது வார்த்தையை எடுத்துக்கொடுக்க வந்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவாள். எவ்வளவு நேரமானாலும் அவளே சொல்லி முடிப்பாள்.