கில்பட் வாயில் விழுந்த வெயில்

1.

இந்தக் கதை கருணையில் பிறக்கவில்லை. நனோத் துணிக்கை என்ற மிக நுண்ணிய துகள்களும் வெளிச்சமும் சேர்ந்தால் புற்றுநோய் சாகும் என்று ஒரு கட்டுரை வாசித்தேன். படத்தில் எலி சுகமாக இருந்தது. கண்டக்குழிக் கடற்கரையில் கில்பட் சுகமாக இல்லை. அந்த எரிச்சலில் பிறந்தது.

2.

முதல் தொடக்கம்: "கடல் பொன்னாய் மின்னிய காலையில் கில்பட் தன் விதியை..."

(வெட்டினேன். அந்தக் கரையில் மீன்பெட்டி தூக்கி வளர்ந்தவன் நான். மின்னியது செதில்.)

அடுத்தது: கில்பட் கருவாடு காயப்போடுகிறவர். வெற்றிலை போட்டுப் போட்டு நாக்கில் புற்று. கொழும்பில் (ஆசுப்பத்திரி என் கற்பனை, தேடிப் போகாதீர்கள்) ஊசியில் ஒரு மருந்து ஏற்றி, நாக்கில் சிவப்பு லைட் பிடித்தார்கள். வெளிச்சம் பட்டால்தான் அந்த மருந்து நஞ்சாகிப் புற்றைச் சுடும். "வெயிலில் போகக்கூடாது" என்றும் சொன்னார்கள். ஏன் என்று சொல்ல ஒருவருக்கும் நேரமில்லை.

3.

கருவாட்டில் புழு வைத்தால் என்ன செய்வோம்? இன்னொரு வெயில் காட்டுவோம். கில்பட்டும் அதைத்தான் செய்தார். ஊர் திரும்பியதும் உச்சி வெயிலில் கருவாட்டுத் தட்டிக்குப் பக்கத்தில் மல்லாந்து, வாயைத் திறந்து படுத்துவிட்டார். மனைவி மாக்கிறட் ஓடி வந்தார்.

"உங்களுக்கென்ன விசரா? வெயில் கூடாதெண்டு சொன்னவங்கதானே?"

"லைட்டுக்குச் சாகிறது வெயிலுக்குச் சாகாதா? அவங்கட லைட் கொஞ்ச நேரந்தான். இது சும்மா கிடைக்குது."

"அப்ப உப்பும் தடவட்டா?"

பின்னேரம் முகம் வெந்து உதடு கொப்புளித்தது. மருந்து நாக்கில் மட்டுமா இருந்தது? தோல் முழுக்க இருந்தது.

(இதை அடிக்குறிப்பாக வையுங்கள்: மருந்தைப் பொதிகட்டிப் புற்றில் மட்டும் இறக்கி, தோலைத் தப்பவைக்கத்தான் நனோத் துணிக்கை. இப்போதைக்கு எலிக்குக் கிடைத்திருக்கிறது. எலி வெயிலில் வேலை செய்வதில்லை.)

4.

முடிவு ஒன்று: புற்று கரைய, மாதா கோயில் மணி... (பொய். விட்டேன்.)

முடிவு இரண்டு: கில்பட் சாகிறார், நீங்கள் அழுகிறீர்கள், எனக்குப் பரிசு. (ஆசைதான்.)

நடப்பது இது. முகம் ஆறியது. நாக்கில் புற்று மிச்சம். திரும்பவும் மருந்து ஏற்றி, லைட் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். இதுவும் சரிவராவிட்டால் நாக்கை வெட்டுவார்களாம். கில்பட்டோ தன் முறையைத் திருத்தியிருக்கிறார்.

"இந்தமுறை முகத்த உடுத்த சாரத்தால மூடுவன். வாய மட்டும் திறப்பன். கதவ விடுங்க!"

வெளியே நின்று கதவை அழுத்திப் பிடித்தபடி மாக்கிறட் என்னைப் பார்த்தார்.

"தம்பி, அந்த எலிக்குக் குடுத்தத இவருக்கு எப்பயாம் குடுப்பாங்க?"

"இன்னும் காலமெடுக்கும், அக்கா."

"அப்ப எழுதினது போதும். வந்து கதவப் பிடி."

பிடித்திருக்கிறேன். உள்ளே இருட்டில் நின்று கில்பட் தள்ளுகிறார். கருவாடு தூக்கிய தோள். வெளியே அருமையான வெயில். ஒரு கையால்தான் எழுதுகிறேன். முடிவைப் பற்றிப் பிறகு கதைப்போம். சும்மா வாசித்துக்கொண்டு நிற்காமல் நீங்களும் ஒரு கை கொடுங்கள், கதவுக் கொண்டி கழலுகிற