பேச்சிமுத்துவின் சம்மதம் வந்த பஸ்

பேச்சிமுத்துவின் பதில்கள் டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தன. வயதானால் அந்த ஊரில் அப்படித்தான். தலைக்குள் இங்கிருந்து அங்கே ஓடுகிற வெள்ளை நரம்புப் பாதைகள் தேய்ந்துபோகும். ஸ்கேன் படத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். "புத்தியெல்லாம் உள்ளதான் இருக்கு, ரோடுதான் போச்சு," என்றார் டாக்டர். உள்ளே ரோடு இல்லையென்றால் வெளியே சுற்றித்தானே வர வேண்டும்? காலையில் காபி வேணுமா என்று கேட்டால் "வேணும்" மத்தியானம் வந்து இறங்கும். மகள் பிரம்மசக்தி அதை இடுப்பில் தூக்கிவந்து அப்பா மடியில் வைப்பாள். அவர் சொல்வார். அம்மா காபியை மறுபடி சுட வைப்பாள்.

சக்திக்கு நிச்சயதார்த்தம். பையனை அவளுக்குப் பிடிக்கும். ஆனால் பெண்ணைப் பெற்றவர் வாயால் சொல்லாமல் தட்டு மாற்ற மாட்டோம், அதுவும் ராகு காலத்துக்கு முன்னால் சொல்லியாக வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் கண்டிப்பாக இருந்தார்கள்.

"பொண்ணைக் குடுக்கச் சம்மதமா அண்ணாச்சி?" என்று மாப்பிள்ளையின் தாய்மாமா கேட்டார். அப்பா சிரித்தார். எல்லோரும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள்.

பஸ் சத்தம் கேட்டதும் சக்தி பட்டுப்புடவையோடு ஓடினாள். பொறுமை அவளுக்கு என்றைக்குமே கிடையாது. முதலில் இறங்கியதை, யாருடையது என்றுகூடப் பார்க்காமல், அள்ளிக்கொண்டு வந்தாள். அப்பா தொண்டையைச் செருமினார்.

"உப்பு பத்தலை."

"எங்க வீட்ல மூட்டை மூட்டையா கெடக்கு அண்ணாச்சி. நீங்க பொண்ணைக் குடுங்க," என்றார் தாய்மாமா.

அது மேலத்தெரு ரத்தினசாமியுடைய பதில். அவர் வீட்டில் சாம்பாரை இன்னும் இறக்காமல் வைத்திருந்தார்கள். சக்தி அதைத் துடைத்து அங்கே கொடுத்துவிட்டு மறுபடி ஓடினாள். ராகு காலம் நெருங்கிவிட்டது. அடுத்த பஸ்ஸின் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு அப்பாவின் பதில் வந்தது.

"ரெண்டு பஸ் மாறி வந்திருக்கு, பாவம். பாத்துத் தூக்கும்மா," என்றார் கண்டக்டர்.

கனத்தது. என்ன பதில் என்று வழியில் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. மடியில் வைத்தாள். அப்பா அதைத் தடவிக்கொடுத்தார். தாய்மாமா பக்கம் திரும்பவே இல்லை. மகளைப் பார்த்தார்.

"ஏட்டி, உனக்குப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்குப்பா."

அப்பா தலையாட்டினார். தலையாட்டலுக்குப் பஸ் தேவையில்லை.

"இது போதும்," என்று தாய்மாமா தட்டோடு எழப் பார்த்தார். முடியவில்லை. காத்திருந்த நேரத்தில் ஜமுக்காளம் வேர்விட்டு, எல்லோர் முழங்கால்மேலும் படர்ந்து மொக்கு வைத்திருந்தது. உட்கார்ந்தபடியே தட்டை மாற்றிக்கொண்டார்கள்.

"யாரும் அசையாதீங்க, இப்பப் பூத்துரும்," என்று அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஓரத்தில் ஊற்றினாள்.