கண்ணாடிப் பெட்டிக்குள் தள்ளுகட்டை

செஞ்சியில், திருவண்ணாமலை சாலையில் மரக்கடை வைத்திருக்கும் தனசேகரனுக்கு வியாபாரிகள் சங்கம் ‘பாதுகாப்புச் செம்மல்’ பட்டம் கொடுத்தது. பதினெட்டு வருடமாகக் கடையில் ஒருவருக்கும் விரல் போகவில்லை என்பது தகுதி. ரம்ப மேசையில் நின்றவன் ஆல்பர்ட். பத்து விரலும் அவனுடையவை. பட்டம் மட்டும் முதலாளியுடையது.

அந்தப் பத்தையும் காத்தது ஒரு முழ நீளத் தள்ளுகட்டை. மெல்லிய சட்டம் அறுக்கும்போது பிளேடுக்கும், அளவுக்காகப் பக்கத்தில் நிறுத்தும் தடுப்புக்கும் நடுவில் விரல் நுழைய இடமிருக்காது; பலகையின் வாலைக் கையால் தள்ளக் கூடாது. கட்டையால் தள்ள வேண்டும். ஆல்பர்ட்டே புளியமரத் துண்டில் செதுக்கியது. ரம்பப் பல் பட்டுப் பட்டு அதன் மூக்கு பாதி போயிருந்தது. விரல் போவதற்கு அது போகட்டும் என்று செய்ததுதானே.

பட்டம் அறிவித்த வாரமே ஆயுதபூஜை. எல்லாக் கருவிகளோடும் தள்ளுகட்டையும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. மறுநாள் உளியும் சுத்தியும் வேலைக்குத் திரும்பின. தள்ளுகட்டைக்கு மட்டும் பதவி உயர்வு. வார்னிஷ் அடித்து, கண்ணாடிப் பெட்டியில் படுக்க வைத்து, ‘பாதுகாப்பே எங்கள் மூச்சு’ என்று எழுதிப் பூட்டி, சாவியைத் தனசேகரன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

அன்றே பதினோரு மணிக்குச் சங்கத்தார் வந்து சான்றிதழை மாட்டுவதாக ஏற்பாடு. அதற்குச் சட்டம் போடவில்லை என்பது பத்தரைக்குத்தான் அவருக்கு நினைவு வந்தது.

“ஆல்பர்ட்டு, தேக்குல கால் இன்ச்சுல நாலு சட்டம் அறுத்துக் குடு.”

“கட்டைய எடுத்துக் குடுங்க மொதலாளி.”

“அது ஷோவுக்குய்யா. வார்னிஷே காயல.”

ஆல்பர்ட் கழிவுத் துண்டு ஒன்றில் வேறு கட்டை வெட்டிக்கொண்டு வந்தான். முதலாளி பிடுங்கி வீசினார்.

“போட்டோ புடிக்க வராங்க. இந்த வெறகு மேசை மேல கெடந்தா பாக்க நல்லாவா இருக்குது?”

“அப்ப சட்டம் வெளிப்பக்கமா விழுற மாரி அறுக்கறேன். கனமான பலகை தடுப்பு ஓரமா போனா கை தள்ளி இருக்கும். ஒவ்வொரு தடவையும் தடுப்ப நவுத்தணும், அவ்ளோதான்.”

“நவுத்திக்கினே இருந்தா அவங்க வந்துடுவாங்க. நாலும் ஒரே அளவா வரணும். பதினெட்டு வருசமா அறுக்கற, இன்னா பயம் உனுக்கு?”

மூன்று சட்டம் சுத்தமாக வந்தது. நான்காவது, பிளேடுக்கும் தடுப்புக்கும் நடுவில் சிக்கி எகிறியது. தள்ளிக்கொண்டிருந்த வலது கை முன்னால் போயிற்று. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மரத்தூளில் விழுந்தன.

ஆல்பர்ட்டை ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் தூளை வாரினார்கள். சங்கத்தார் சரியாகப் பதினோரு மணிக்கு வந்தார்கள். மூன்று பக்கச் சட்டத்தோடு சான்றிதழ் சுவரேறியது. நான்காவது பக்கத்தை மாலை மறைத்தது.

பத்தாம் நாள் தனசேகரன் ஆப்பிள் பையும் ஒரு தாளுமாக ஆல்பர்ட் வீட்டுக்கு வந்தார். ‘தள்ளுகட்டை கடையில் இருந்தும் தொழிலாளி பயன்படுத்தவில்லை’ என்று டைப் அடித்திருந்தது. சாட்சிக்குக் கண்ணாடிப் பெட்டியின் போட்டோ.

“சும்மா ஒரு கையெழுத்து ஆல்பர்ட்டு. சங்கத்துல கேக்கறாங்க. பட்டத்தத் திருப்பி வாங்கிட்டா எனுக்கு எவ்ளோ அசிங்கம்?”

“எந்தக் கையால போடணும் சார்?” என்று கேட்டாள் ஆல்பர்ட்டின் மனைவி வெரோனிகா.

“ரேகை போதும்மா. எடது கட்டவெரலு.” மைப்பெட்டியும் கையோடு கொண்டுவந்திருந்தார். அந்த ஒரு விஷயத்தில் மனிதர் முன்னெச்சரிக்கையானவர்தான்.

ஆல்பர்ட் இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

“மிச்சம் எட்டு இருக்குது மொதலாளி. இதுங்கள நான் பாத்துக்கறேன். பெட்டிச் சாவி யாராண்ட இருந்துச்சின்னு அதுல எழுதிக்கினு வாங்க, அப்புறம் பாக்கலாம்.”

தனசேகரனின் கை தானாகப் போய் இடுப்பைப் பொத்திக்கொண்டது.