தோப்பு வரைக்கும் மேளம்

தம்பிதுரைக்கு நடுக்குவாதம் வந்து மூன்றாவது வருடம், கால்கள் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டன. வலி இல்லை, வீக்கம் இல்லை. நடக்க வேண்டும் என்று நினைப்பார். பாதங்கள் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நிற்கும். கோவை டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்து, யாராவது கூடவே இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். உடுமலைப்பேட்டைக்கு வெளியே வாய்க்காலை ஒட்டித் தென்னந்தோப்பு வைத்திருந்த மனிதர், வாசலைத் தாண்டவே மனைவி தெய்வாத்தாளின் தோளைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

தொண்ணூற்று ஒன்பதில் மாரியம்மன் நோம்பித் திருவிழா வந்தது. சாமி வீதிக்குள் வந்தபோது, கும்பிடட்டும் என்று தெய்வாத்தாள் அவரைக் கைத்தாங்கலாக வாசலில் நிறுத்தினாள். உருமி மேளம் பக்கத்தில் வந்து முழங்கியதும் அவர் அவள் தோளிலிருந்து கையை எடுத்தார். நடந்தார். சாமியோடு சேர்ந்து வீதிக்கோடி வரை நடந்தார். மேளம் நின்றதும் நட்ட கல்லாக நின்றுவிட்டார். ஓடி வந்த தெய்வாத்தாளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மகன் கிருபாசங்கர் அந்த மேளத்தை டேப்பில் பதிவு செய்திருந்தான். வாக்மேனில் போட்டு அப்பாவின் காதில் மாட்டினான். கால்கள் நகர்ந்தன. ஆனால் சமையலறைக்குப் போய்த் திரும்புவதற்குள் டேப்பில் பதிவாகியிருந்த பட்டாசுச் சத்தமும் மைக் அறிவிப்பும் குறுக்கே வந்தன. அத்தோடு கால்களும் நின்றன. கோவை கோட்டைமேட்டில் ஒரு கேசட் கடையில் கம்ப்யூட்டரை வைத்துப் பாட்டை வெட்டி ஒட்டித் தருகிறார்கள் என்று கிருபாசங்கர் கேள்விப்பட்டிருந்தான். அவனுக்கு லீவு கிடைக்கும்வரை தெய்வாத்தாள் காத்திருக்கவில்லை. மறுநாளே பஸ் ஏறி உக்கடத்தில் இறங்கினாள்.

கடை முகமது யூசுப்புடையது. கல்லாவில் அவர் உட்கார, உள்ளே கம்ப்யூட்டரை அவர் மனைவி சமீரா பார்த்துக்கொண்டாள்.

"ஏனுங்க கண்ணு, இந்த மேளத்தை நிக்காம ஓடற மாதிரி பண்ண முடியுமுங்களா?"

"எவ்வளவு நேரம் ஓடணுங்கம்மா?"

"தோப்பு வரைக்கும்."

சமீராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தெய்வாத்தாள் விஷயத்தைச் சொல்லி முடித்தபோது அந்தச் சிரிப்பு போயிருந்தது. கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். திரையில் மேளம் மேடும் பள்ளமுமாக விரிந்தது. பட்டாசையும் மைக்கையும் வெட்டி எறிந்தாள். மிஞ்சிய சுத்தமான மேளத்தை நகலெடுத்து ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி, ஒரு பக்கம் முழுக்க ஓடும் கேசட்டாகப் பதிந்து கொடுத்தாள்.

அடுத்த வாரமே தெய்வாத்தாள் திரும்பி வந்தாள். முகம் வாடியிருந்தது.

"உழுந்துபோட்டாருங்க கண்ணு. முட்டியில நல்ல அடி. வழியில கல்லு ஒண்ணுமில்லீங்க. மேளத்துலதான் எங்கியோ தடுக்குதுன்னு சொல்றாரு."

யூசுப் கேட்டுப் பார்த்தார். எதுவும் தடுக்கவில்லை. சமீரா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள், அவளுக்கும் பிடிபடவில்லை. தன் வேலையால் ஒருவர் விழுந்தார் என்பது அவளுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

"அய்யாவை இங்க கூட்டிட்டு வர முடியுங்களாம்மா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கிருபாசங்கர் அப்பாவையும் அம்மாவையும் காரில் அழைத்து வந்தான். யூசுப் பெஞ்சுகளை ஓரம் தள்ளி வழி ஏற்படுத்தினார். ஸ்பீக்கரில் மேளம் எழுந்தது. தம்பிதுரை நடந்தார். சமீரா திரையைப் பார்க்காமல் அவர் பாதங்களையே பார்த்தாள். துண்டும் துண்டும் சேரும் இடம் வந்ததும், தூக்கிய கால் எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தரத்தில் தவித்தது. யூசுப் பாய்ந்து பிடித்துக்கொண்டார்.

"புரிஞ்சுதுங்க," என்றாள் சமீரா. "மேளக்காரங்க உற்சாகத்துல போகப் போக வேகம் கூட்டியிருக்காங்க. கடைசியில வேகமா இருக்கு. நான் அதுக்குப் பின்னாடி மெதுவான ஆரம்பத்தைக் கொண்டுவந்து ஒட்டிட்டேன். காதுக்குத் தெரியலை. கால் கண்டுபிடிச்சிருச்சு."

பழையதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினாள். நடுவில் வேகம் மாறாத ஒரு துண்டைத் தேடி எடுத்தாள். மேளத்தின் அடி விழும் இடத்தில் வெட்டினாள்; அடி விழும் இடத்தில் ஒட்டினாள்.

"நடந்து பாருங்கய்யா."

"இன்னும் துளியூண்டு தடுக்குதுங்க அம்மணி."

மறுபடி வெட்டினாள், மறுபடி ஒட்டினாள். அவரும் சலிக்காமல் எழுந்து எழுந்து நடந்தார். யூசுப் வாங்கி வைத்த டீ ஆடை கட்டிப்போனது. கடைசியில் இரண்டு பக்கமும் பதிந்த புதுக் கேசட்டை வாக்மேனில் போட்டுக் காதில் மாட்டியபோது அவர் சுவர் வரை போனார், திரும்பினார், சமீராவின் நாற்காலியைக் கடந்தார், கல்லாவைக் கடந்தார், படியிறங்கித் தெருவில் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

"மாமா! நில்லுங்க மாமா!" என்று தெய்வாத்தாள் பின்னால் ஓடினாள். மேளம் நிறைந்திருந்த காதில் அது விழவில்லை. எதிரே வந்த சைக்கிள்காரர் ஒதுங்கி வழிவிட்டார். தெருமுனையில் அவரை மடக்கிக் கூட்டி வந்தபோது இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தெய்வாத்தாளின் கன்னம் மட்டும் நனைந்திருந்தது. அவள் சமீராவின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீ நல்லா இருக்கோணும் கண்ணு," என்றாள்.

நோய் குணமாகவில்லை. கை நடுங்கியது, குரலும் தேய்ந்துகொண்டே போனது. ஆனாலும் காலையில் தோப்புக்குப் போனார். தண்ணீர் பாய்கிறதா என்று பார்த்தார், மரமேறித் தேங்காய் போடுகிறவர்களோடு பேசினார், வீடு திரும்பினார்.

ஆடி மாதத்தில் ஒருநாள் கடைக்குப் போன் வந்தது. கேசட் அட்டையில் அச்சிட்டிருந்த நம்பரைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருந்தார்.

"அம்மணி, உடுமலை தம்பிதுரை பேசறனுங்க." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "டவுன்ல எஸ்டிடி பூத்துல நிக்கறனுங்க."

"கூட யாருங்கய்யா?"

"ஆருமில்லீங்க. பஸ் ஏறி, இறங்கி, நானே நடந்து வந்தனுங்க. இதை உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்லோணும்னு தோணுச்சு."

அவர் கழுத்தில் தொங்கிய ஹெட்போனிலிருந்து மேளம் போன் வழியே சன்னமாகக் கேட்டது. சமீரா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "திரும்பிப் போறதுக்குக் கேசட்டு மீதி இருக்குதுங்களாய்யா?" என்றாள்.

"மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டுக்கறனுங்க," என்றார் தம்பிதுரை. "அந்தப் பக்கமும் நீங்க பதிஞ்சதுதானுங்களே. போனை வெச்சிரட்டுங்களா? நடக்கோணும்."