கண் உருளும் சத்தம்

முதலில் அவள் அதை எலி என்றுதான் நினைத்தாள். படுத்தபடி சுவரைப் பார்ப்பாள், ஜன்னலைப் பார்ப்பாள். இரண்டுக்கும் நடுவில் மரத்தில் உப்புத்தாள் தேய்ப்பதுபோல் ஏதோ சரக்கென்று நகரும். பார்வையை நிறுத்தினால் அதுவும் நிற்கும். அது தன் கண் உருளுகிற சத்தம் என்று புரிந்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அதோடு விடவில்லை. மெல்லும்போது எதிரே இருப்பவர் பேச்சு காதில் விழாது. சொந்தக் குரல் குடத்துக்குள்ளிருந்து வந்தது. பலமான சத்தம் கேட்டால் தரை சாய்ந்தது. வம்பு அதில்தான் வந்தது. நாத்தனார் நடத்தும் டிரைவிங் ஸ்கூலில், கற்றுக்கொள்பவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கைக் காப்பதுதான் அவள் வேலை. ஒருநாள் பின்னால் லாரி ஹாரன் அடித்ததும், தெரு முழுவதும் தட்டில் ஊற்றிய தண்ணீர்போல் ஒரு பக்கமாகச் சரிந்தது. நட்டநடுவில் பிரேக்கை மிதித்துவிட்டாள். ஓட்டிக்கொண்டிருந்த தையல்கார அம்மா ஸ்டியரிங்கை விடாமல், "நான் நேராத்தானேம்மா போனேன்?" என்று அழாக்குறையாகக் கேட்டாள்.

"சரியாகுற வரைக்கும் உள்ள உக்காந்து சிக்னல் படம் சொல்லிக்குடுங்க அண்ணி," என்றாள் நாத்தனார். சுவரில் மாட்டிய அம்புக்குறிகளோடு அவளுடைய நாட்கள் போயின. மறுபடி அந்த சீட்டில் உட்கார முடியுமா என்பதைவிட, தனக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்பதுதான் அவளை அரித்தது.

அதனால்தான் ஒரு தப்பும் செய்தாள். எந்த டாக்டரிடம் போனாலும் "தலை சுத்துது" என்று மட்டும் சொன்னாள். கண் சத்தத்தை விழுங்கிவிட்டாள். கண் டாக்டர் கண் நன்றாக இருக்கிறது என்றார். நரம்பு டாக்டர் எடுத்த படம் சுத்தமாக இருந்தது. இன்னொருவர், "வீட்ல நிம்மதியா இருக்கீங்களா?" என்றார். ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் வீட்டில், "நல்லவேளை, ஒன்றுமில்லை" என்றார்கள். அந்த ஒன்றுமில்லையைக் கேட்கக் கேட்க, அப்படியானால் கோளாறு புத்தியில்தான் என்ற சந்தேகம் அவளுக்கு வலுத்தது.

கணவன் வெளியூர் வேலையில் இருந்ததால், காது டாக்டரிடம் நாத்தனார்தான் கூட வந்தாள். அவளிடம் மட்டும் ஒரு பலவீனமான நேரத்தில் கண் விஷயத்தைச் சொல்லியிருந்தாள்.

"தலை சுத்துது டாக்டர்," என்று இங்கேயும் அதே பாட்டைத் தொடங்கினாள்.

"முழுசா சொல்லுங்க அண்ணி. கண்ணு உருண்டா சத்தம் கேக்குதாம் டாக்டர் இவங்களுக்கு. நாளைக்கு முடி வளர்றதும் கேக்கும்."

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"எந்தக் காதுல?"

அவள் கை தானாகக் காதுக்குப் போனது. "இடது."

"செருப்பைக் கழட்டுங்க."

காதுக்கும் செருப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நாத்தனார் முகத்தைச் சுளித்தாள். டாக்டர் இழுப்பறையிலிருந்து, தட்டினால் அதிரும் இரட்டைப்பல் இசைக்கவை ஒன்றை எடுத்தார். தன் முழங்கையில் தட்டி, அதன் காம்பை அவளுடைய கணுக்கால் எலும்பில் அழுத்தினார்.

மணி ஒன்று அவள் காதுக்குள் ஒலித்தது. காலில் வெறும் அதிர்வு. ஒலி மேலே, தலைக்குள் நின்றது. முழங்கால், தொடை, இடுப்பு, முதுகு என்று ஓர் எலும்பிலிருந்து இன்னோர் எலும்புக்குக் கைமாறி அது வந்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் தன்னைத் தூக்கி நிறுத்தவே எலும்புகள் இருக்கின்றன என்று நினைத்திருந்தாள்.

"கேக்குதா?"

"கேக்குது. காதுல."

"எனக்கு வைங்க, பாப்போம்." நாத்தனார் செருப்பை உதறினாள். கவை பட்டதும் காலை இழுத்துக்கொண்டாள். "கூசுது. ஒண்ணும் கேக்கல."

"உங்களுக்குக் கேக்கக் கூடாது," என்றார் டாக்டர். "உள்காதை மூடியிருக்கிற எலும்புல இவங்களுக்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கும்னு தோணுது. வெளிச்சத்தம் அதுல போய் இடிச்சா உலகம் சாயுது. உடம்போட சத்தம் அது வழியா உள்ள வந்துருது. அந்த இடத்தை மட்டும் மெல்லிசு மெல்லிசா ஸ்கேன் எடுக்கணும், பாத்தாத்தான் உறுதி. அதுவரைக்கும் வண்டி வேண்டாம். ஓட்டைன்னா அடைக்கலாம். திரும்ப வண்டியில உக்காரலாமான்னு அப்புறம் பாப்போம்."

"புத்தியில ஒண்ணும் இல்லையே டாக்டர்?"

"எலும்புலதாம்மா."

நாத்தனார் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எப்படி இருந்துச்சு அண்ணி?"

எங்கே, எப்போது, எத்தனை நாளாக என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். எப்படி என்று ஒருவரும் கேட்டதில்லை. அவள் வார்த்தை தேடினாள்.

"உள்ள ரொம்ப தூரம் இருக்கு. அந்தச் சத்தம் எங்கெங்கயோ தாண்டி வருது. அவ்வளவு இடமும் நான்தான்னு நம்பவே முடியல."

அவள் செருப்பை மாட்டவில்லை. "தப்பா நினைக்காதீங்க டாக்டர். அடைக்கிறதுன்னா அடைச்சிருங்க. அதுக்கு முன்னால இன்னொரு தடவை வைக்கிறீங்களா?"

"எங்க?"

"இந்தத் தடவை முட்டியில."

டாக்டர் கவையைத் தட்டினார். நாத்தனார் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.