விராலுக்குத் தவளை

மீன் பிடிக்கத்தான் கண்டலம குளக்கரைக்கு வந்தார்கள் என்று பேர். உண்மையில் ஸக்கியாவும் ஜவாஹிரும் ஒருவரையொருவர் ஒரு தரம் பார்த்துக்கொள்வதற்காகவே உக்குவளையிலிருந்து அவளைக் கூட்டி வந்திருந்தார்கள். மஃரிப் தொழுகைக்கு முன் அவள் சம்மதம் தெரிந்தால் வாப்பா வார்த்தை கொடுத்துவிடுவார்.

அவளுடைய மூத்த நானாவின் மனைவி றஸ்மியா மச்சி பஸ்ஸில் வழிநெடுக ஜவாஹிரின் புகழைப் பாடிக்கொண்டு வந்தாள். தம்புள்ளையில் வெங்காயக் கடை. சிகரெட் பழக்கம் இல்லை. குரலை உயர்த்திப் பேசத் தெரியாத பிள்ளை. ஸக்கியாவும் அரை மனதைச் சம்மதிக்க வைத்துக்கொண்டுதான் வந்தாள். இருபத்தாறு வயதாகியிருந்தது.

ஜவாஹிர் நீரோரம் குந்தி, பால்மா டின்னைத் திறந்தான். உள்ளே சின்னத் தவளைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்து, முதுகுத் தோலைக் கிள்ளித் தூக்கி, தூண்டில் முள்ளை மெல்ல நுழைத்தான். பின்னங்கால்கள் காற்றில் நீந்தின. விரலிடுக்கில் ஏதோ வழிய, இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டான்.

"எலும்புல படக் கூடாது மாமா," என்று வாப்பாவுக்கு விளக்கினான். "செத்ததை விரால் தொடாது. தோல்ல மட்டும் கொழுவினா ஒரு மணித்தியாலம் நீந்தும்."

வாப்பா மெச்சித் தலையாட்டினார். ஸக்கியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோழி அறுப்பதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். முரட்டுக் கையென்றால் பொறுத்திருப்பாள். அந்த விரல்களில் இருந்த பரிவைத்தான் தாங்க முடியவில்லை. குழந்தைக்குச் சட்டை போட்டுவிடுகிற மாதிரி அல்லவா முள்ளை ஏற்றினான்!

வெயில் தாழ்ந்தபோது விரால் அகப்பட்டது. அதன் தொண்டைக்குள் இரண்டு விரலை விட்டுத் தவளையை வெளியே இழுத்தான். ஒரு கால் இல்லை, சளி மூடியிருந்தது, வயிறு இன்னும் துடித்தது. "உசிர் இருக்கு, இன்னொண்டுக்கு ஆகும்," என்று திரும்பவும் வீசினான்.

பிறகு அதே கையைக் குளத்தில் ஒரு தரம் அலசிவிட்டு, பாயில் இருந்த தொதல் இனிப்பில் ஒரு துண்டு பிய்த்து, "அவங்களுக்குக் குடுங்க," என்று மச்சியிடம் நீட்டினான். எல்லோரும் பார்த்தார்கள். ஸக்கியா வாங்கி வாயில் போட்டாள். எண்ணெய்ப் பிசுபிசுப்பு நாக்கில் வழுக்கியது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வாயைத் திறந்தால் வாந்தி வந்துவிடும் என்று உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து வாப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாக, சம்மதமா என்று கேட்டார்.

அவள் தலை குனிந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"குமர்ப்பிள்ளை வாய் திறந்து ஓம் எண்டு செல்லுமா? பேசாம இருக்கிறதுதான் சம்மதம்," என்று மச்சி சிரித்தாள். வாப்பா அல்ஹம்துலில்லாஹ் சொல்லி எழுந்து, ஜவாஹிரின் கையைப் பிடிக்கக் கை நீட்டினார்.

ஸக்கியா தொதலை உள்ளங்கையில் துப்பினாள்.

"வேணாம் வாப்பா."

ஏன் என்று மச்சி கேட்டாள். சொல்வதற்கு ஸக்கியாவிடம் இருந்தது ஒரு தவளை மட்டுந்தான்; சொன்னால் சிரிப்பார்கள்.

ஜவாஹிர் கோபப்படவில்லை. "பரவால்ல மாமா, அவசரப்படுத்தாதீங்க. ஆறுதலா யோசிக்கட்டும்," என்றான், முள் எலும்பில் படக் கூடாது என்று சொன்ன அதே குரலில்.

அவளுக்கு முதுகுத் தோல் கூசியது.

"யோசிச்சிட்டேன்," என்றாள். இந்த முறை குரல் நீருக்கு மேலால் போயிற்று.

கை கழுவ எழுந்தவள் குளத்தருகே போய் நின்றாள். அந்த நீரைத் தொட மனம் வரவில்லை. உள்ளங்கையைப் புல்லில் தேய்த்தாள்; தோல் சிவக்கும்வரை தேய்த்தாள்.