பச்சை ஏறிய ஒயர்

போனில் சந்திரா அதிகம் பேசவில்லை. "அண்ணே, வண்டில பேட்டரி பாசிட்டிவ் ஒயரை மாத்தணும். நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அற்புதராஜுக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. கோவில்பத்தில் இருபத்தாறு வருஷமாக ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிற மனிதர். வருகிறவர்கள் எல்லாரும் "வண்டி எடுக்கல" என்பார்கள், எது கோளாறு என்று கண்டுபிடிப்பது இவர் பாடு. பாசிட்டிவ் ஒயர் என்று பேர் சொல்லிக் கேட்ட வாடிக்கையாளர் ஒருத்தர்கூடக் கிடையாது. சந்திரா பட்டினத்தில் மீன் விற்கிறவள், பேட்டரியை மூடியிருக்கிற தகரத்தைக்கூடத் தொட்டிருக்க மாட்டாள். அவளுக்கு யார் சொன்னது? அந்த ஒயரின் சங்கதி இந்த உலகத்தில் தன் ஒருத்தருக்குத்தான் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

சங்கதி இதுதான். போன வருஷம் பெரிய வியாழன் அன்று சாயங்காலம் சந்திராவின் புருஷன் அன்பழகன் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றுகிற வண்டி. ஐஸ் பெட்டியிலிருந்து வடிகிற உப்புத் தண்ணீர் பேட்டரி ஒயருக்குள் இறங்கிச் செம்பைப் பச்சையாக்கிவிடும். மேலே ரப்பர் நன்றாக இருக்கும், உள்ளே செம்பு மாவாக உதிரும். அதனால் மீன் வண்டிக்கு ஒயரின் முனையை மட்டும் நறுக்கி ஒட்டுப் போடக்கூடாது, முழுசாக மாற்ற வேண்டும். கரையில் வேலை செய்கிற எந்த எலக்ட்ரீஷியனுக்கும் இது தெரியும். அற்புதராஜுக்கும் தெரியும்.

ஆனால் அன்றைக்கு அவருக்கு அவசரம். மாதா கோவிலில் பாதிரியார் பாதம் கழுவிவிடுகிற சடங்குக்குப் பன்னிரண்டு சீடர்களில் ஒருத்தராக அவர் பேரைச் சேர்த்திருந்தார்கள். ஏழு வருஷமாகக் கேட்டு அந்த வருஷம்தான் கிடைத்தது. மனைவி சலோமி வேட்டியைத் தேய்த்து வைத்துவிட்டு மூன்று தடவை போன் பண்ணிவிட்டாள். முனையை நறுக்கினார். உள்ளே பச்சை. இன்னும் நாலு விரல் நறுக்கினார், அங்கேயும் பச்சை. கறுப்பு டேப்பை இறுக்கிச் சுற்றி, "புது ஒயரே போட்டாச்சு தம்பி, கெளம்பு" என்று அனுப்பிவிட்டு, போய்ப் பாதத்தைக் கழுவிக்கொண்டார். நறுவிசாக வேலை செய்கிறவர் என்று ஊரில் பேர். அந்தப் பேருக்கு அன்றைக்கு அவரே துரோகம் பண்ணினார்.

ஆறு நாள் கழித்து அன்பழகன் செத்துப்போனான். நெஞ்சுவலி. வீட்டுக்குப் பின்னால் நின்ற வண்டியிலேயே, ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி.

இதைத் தவிர இன்னொன்றும் உண்டு, அதைச் சலோமியிடம்கூட அவர் சொன்னதில்லை. செத்த அன்றைக்குச் சாயங்காலம் நாலு பத்திலிருந்து நாலரை வரைக்கும் அன்பழகன் அவருக்குப் பதினோரு தடவை போன் பண்ணினான். ஒயரைப் பற்றிச் சண்டை போடத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்து, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் புது ஒயரும், சார்ஜ் ஏற்றிய ஒரு பேட்டரியும் எடுத்துக்கொண்டு பட்டினத்துக்குப் போனார். வண்டி பூவரச மரத்தடியில் அதே இடத்தில் நின்றது. வருஷத் தெவசம் முடிகிற வரைக்கும் செத்தவன் வண்டியைக் கிளப்பக் கூடாது என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். தெவசம் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. டயரெல்லாம் காற்றுப் போய் உட்கார்ந்திருந்தது. டிரைவர் சீட்டை மட்டும் யாரோ தினமும் துடைத்து வைத்திருந்தார்கள்.

"டீ போடட்டுமாண்ணே?"

"வேண்டாம்மா. வேலையை முடிச்சிடுறேன்."

மீட்டரை வைத்துப் பார்த்தார். பழைய பேட்டரியில் உயிரே இல்லை. முதலில் மைனஸ், பிறகு பிளஸ் என்று கழற்றிப் பேட்டரியைத் தூக்கித் தரையில் வைத்தார். அப்புறம், வண்டியைக் கிளப்புகிற செல்ப் மோட்டாரில் இருக்கிற ஒயரின் மறுமுனையைக் கழற்ற வண்டிக்கு அடியில் மல்லாந்து நுழைந்தார்.

நட்டின்மேல் ஸ்பேனரை வைத்ததும் 'டக்' என்றது.

செல்ப் மோட்டாருக்குள்ளிருந்துதான் அந்தச் சத்தம். சாவியைத் திருப்பும்போது கரண்டு பத்தாமல் தட்டுகிற சத்தம், அவர் ஆயிரம் தடவை கேட்டது. ஸ்பேனர் வழியாக அந்த உதை அவர் மணிக்கட்டு வரை வந்தது.

"யாரும்மா சாவி போட்டது?"

"சாவி என் கையில இருக்குண்ணே" என்றாள் சந்திரா. வண்டிக்குப் பக்கத்தில் நின்ற அவள் பாதங்கள் மட்டும்தான் அவருக்குத் தெரிந்தன. அவை அசையவில்லை. "மணி நாலு பத்து. இது ஒண்ணு."

சூட்டில் இரும்பு விரியும், ஸ்பிரிங் தட்டும் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு 'டக்'. "ரெண்டு" என்றாள் அவள்.

அற்புதராஜ் வெளியே வந்து கழற்றி வைத்த பேட்டரியைப் பார்த்தார். அது தரையில்தான் இருந்தது. கை தானாகச் சிலுவை போட்டுக்கொண்டது.

"எத்தனை நாளா இப்படி?"

"அவரு போன மறுநாளே ஆரம்பிச்சிடுச்சு. டெய்லி. நாலு பத்துல ஆரம்பிச்சு நாலரைக்குள்ள முடிஞ்சிடும்."

"எத்தனை தடவை?" என்று கேட்டார். கேட்டிருக்கவே வேண்டாம்.

"பதினோரு தடவை."

அன்பழகன் ஒவ்வொரு தடவையும் சாவியைத் திருப்பிப் பார்த்து, வண்டி எடுக்கவில்லை என்றதும் தனக்குக் கூப்பிட்டிருக்கிறான். அது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மறுபடியும் அடியில் நுழைந்து நட்டைக் கழற்றினார். மூணு, நாலு, அஞ்சு என்று சந்திரா எண்ணிக்கொண்டே இருந்தாள். ஒயரை உருவி வெளியே எடுத்ததும் டேப் பிரிந்து, பச்சைத் தூள் அவர் மடியில் கொட்டியது.

"புதுசு போட்டதா அவரு சொன்னாரு" என்றாள் அவள்.

உப்புத் தண்ணீர்மா, ஒரு வருஷத்தில் இப்படி ஆகிவிடும் என்று ஒரு வார்த்தை போதும். அவள் நம்புவாள், இவரும் தப்பித்துவிடலாம். வாயைத் திறந்தார். ஏழாவது 'டக்' கேட்டது.

"போடலம்மா" என்றார். "பழசைத்தான் நறுக்கி டேப் சுத்தி அனுப்பினேன். அன்னிக்கு அவன் பதினோரு தடவை கூப்பிட்டான். பாத்துக்கிட்டேதான் இருந்தேன். எடுக்கல." பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பாதிரியாரிடம் ஒரு வருஷமாகச் சொல்ல முடியாததை ஒரு மீன் வண்டிக்கு முன்னால் சொல்லிவிட்டார்.

சந்திரா அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

"அன்னிக்கு நான் விழிதியூர்ல யாவாரத்துல இருந்தேன். எனக்கு ஒரு தடவைதான் போன் பண்ணாரு. ஆம்புலன்சுக்குப் பண்ணுங்கன்னேன். வெறும் வாய்வுதான், நானே ஓட்டிக்கிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுறேன், பாசிட்டிவ் ஒயர் மட்டும் சரியா புடிக்கல, அற்புதண்ணன் இப்ப வந்துருவாருன்னாரு." அவள் வண்டியின் கதவைத் தடவினாள். "நீங்க வருவீங்கன்னு நம்பிக்கிட்டே இருந்திருக்காரு. எட்டு ஆயிடுச்சுண்ணே. இன்னும் மூணுதான் இருக்கு. புதுசைப் போடுங்க."

இருபத்தாறு வருஷத்தில் அப்படி ஒரு வேலையை அவர் செய்ததில்லை. ஒரு திருகுகூடத் தப்பவில்லை. சிவப்பு ஒயரைச் செல்ப் மோட்டாரில் மாட்டி இறுக்கினார். ஒன்பது. ஒயர் எங்கேயும் உரசாமல் மேலே கொண்டுவந்து கட்டினார். பத்து. புதுப் பேட்டரியை உட்கார வைத்து, பிளஸை முடுக்கி, கிரீஸ் தடவினார். கடைசியாக மைனஸை மாட்டி, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் அரைத் திருகு கொடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

சந்திரா சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டு நின்றாள்.

பதினோராவது தடவை 'டக்' என்று கேட்கவில்லை. வண்டி ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. புகை கக்கி, குலுங்கி, மெல்ல நிதானத்துக்கு வந்தது. டிரைவர் சீட்டில் யாரும் இல்லை. சந்திரா அந்தப் பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, பக்கத்துக் காலி சீட்டின்மேல் கையை வைத்துக்கொண்டாள். வண்டி நின்ற இடத்தை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. பட்டினத்திலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் ஓடியது, பிறகு தானாக அணைந்தது.

அன்று ராத்திரி அற்புதராஜ் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக விடியும்வரை தூங்கினார்.

மறுநாள் நாலு மணிக்கு, டயருக்குக் காற்றடிக்கிற சாக்கில் அங்கே போய் நின்றார். சந்திரா டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நாலு பத்து ஆனது. நாலரையும் ஆனது. மரத்தில் ஒரு காக்கை கத்தியது, வேறு சத்தம் இல்லை.

"பாத்தியாம்மா, போயிட்டான்" என்றார் அவர். "இனிமே அவனுக்கு வலி இல்ல."

சந்திரா தலையை ஆட்டினாள். முகம் வீங்கியிருந்தது, ராத்திரி முழுக்க அழுதிருக்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது.

"அந்தப் பழைய ஒயரு இருக்காண்ணே?"

இருந்தது. தூக்கிப் போட மனசு வராமல் பைக் பெட்டியிலேயே வைத்திருந்தார்.

"அதையே திரும்பப் போட்டுருங்க."

"சந்திரா, என்ன பேசுற? அவன் மறுபடியும் அந்த வலியோட..."

"தெரியும்ணே. அவரு கெளம்பணும்னுதான் உங்களைக் கூப்பிட்டேன், இல்லன்னு சொல்லல." அவள் காலி சீட்டைப் பார்த்தபடியே பேசினாள். "செத்தப்ப நான் பக்கத்துல இல்ல. இந்த ஒரு வருஷமா டெய்லி நாலு பத்துக்கு வந்து உக்காந்துடுவேன். ஒவ்வொரு தடவை தட்டுறப்பவும் நான் இங்கதான் இருக்கேன்னு சொல்லுவேன். இனிமே நாலு பத்துக்கு நான் யாருகிட்டண்ணே போய்ச் சொல்லுவேன்?"

முடியாது என்றுதான் சொல்ல வேண்டும் என்று அற்புதராஜுக்குத் தெரியும். பழையதைத் திரும்பப் போடுவது பாவம் என்பதும் தெரியும். ஆனால் கூப்பிட்டபோது வராதவர் அவர், அவளிடம் எந்த வாயால் முடியாது என்பது?

பைக் பெட்டியைத் திறந்து பழைய ஒயரை எடுத்தார். டேப்பைப் புதிதாகச் சுற்றினார். பிறகு பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து, முதலில் மைனஸைக் கழற்றினார்.